உங்க வீட்டு கேட் யார் இடத்துல நிக்குது?

போன செமஸ்டர் சர்வே லேப் முடிந்த வாரம், ஊருக்குப் போகும்போது 30 மீட்டர் டேப் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. ரெக்கார்டு நோட்டில் ஒரு தெருவின் குறுக்குவெட்டு வரைய வேண்டியிருந்தது. காலேஜ் வளாகத்தையே அளந்து அளந்து அலுத்துப்போச்சு, நம்ம தெருவை அளந்தா என்னன்னு தோணுச்சு, அவ்வளவுதான்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் இருக்கிறது. அப்பாவின் பத்திரத்தோடு இருக்கிற லேஅவுட் நகலில் எங்கள் தெரு 30 அடி. காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு டேப் பிடித்தால் 26 அடி 8 அங்குலம்.

டேப் தொய்ந்திருக்கும் என்று மறுபடியும் பிடித்தேன். (தொய்வு இருந்தால் அளவு கூடத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. வைவாவில் இதே கேள்விக்கு நான் முழித்தது தனிக்கதை.) இரண்டாவது தடவையும் அதே அளவு. மீதி 3 அடி 4 அங்குலம் எங்கே போச்சு?

எதிர்வீட்டுக்காரர் இழுத்துக் கட்டியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். பின்பக்கம் எங்கள் மனையின் மூலைக்கல் இன்னும் இருக்கிறது. பத்திரப்படி அங்கிருந்து முன்பக்க எல்லை 60 அடி. எங்கள் காம்பவுண்டின் வெளிமுகம் 61 அடி 10 அங்குலத்தில் நிற்கிறது. அதாவது காணாமல் போன தெருவில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அம்மாவின் செம்பருத்திச் செடி, என் சைக்கிள், தண்ணி மோட்டார் மூடி எல்லாம் பொதுச்சொத்தில்.

அப்பாவிடம் சொன்னேன். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதடா" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேஸ்திரி பக்கத்து வீட்டு சுவருக்கு நூல் பிடிச்சுதானே கட்டினாரு?" என்றார். விஷயமே அதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பக்கத்து வீட்டுக்கு நூல் பிடித்திருப்பார். தெருமுனையில் முதலில் கட்டியவர் எதற்கு நூல் பிடித்தாரோ, அண்ணாமலையாருக்கே வெளிச்சம். முதல் ரீடிங்கில் வந்த பிழை கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகும் என்று நமக்கு லேபில் சொல்லித்தருகிறார்களே, அது ஒரு தெரு முழுக்க சிமெண்ட்டில் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"காம்பவுண்டுக்கெல்லாம் எதுக்குப்பா பர்மிஷன்?" என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சு. அது முழுக்கப் பொய்யும் இல்லை. 2023 வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் நடைமுறையில் இருந்த 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் 'கட்டடம்' என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. வீடு, கொட்டகை, குடிசை, சுவர் எல்லாம் அதில் வரும். ஆனால் 8 அடிக்கு மேல் போகாத எல்லைச்சுவர் வராது. ஊர்ப்பேச்சு அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே சட்டம், தெருவில் சுவர் கட்டுவதையும் வேலி போடுவதையும் தடை செய்தது. கதவும் தரைத்தள ஜன்னலும் தெருப்பக்கமாகத் திறக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு பிரிவு வைத்திருந்தது. வேங்கிக்கால் அப்போது நகராட்சி இல்லையே, ஊராட்சிதானே என்று கேட்பீர்கள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 131-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: பொதுச்சாலையில் சுவர், வேலி, வேறெந்தத் தடையும் எழுப்பக் கூடாது. 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது, சுற்றியுள்ள ஊராட்சிகளோடு வேங்கிக்காலும் அதில் சேர்ந்தது. போர்டு மாறியது. சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பது மாறவில்லை.

நாம் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். 8 அடிக்குள் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்று எடுத்துக்கொண்டோம். சட்டம் சொன்னது, உன் எல்லைக்குள் 8 அடி வரைக்கும் உன் இஷ்டம் என்பது. கம்பி வேலிக்கும் இதேதான். காலி மனையில் கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பவர்கள் "சுவரா கட்டினேன், வெறும் வேலிதானே" என்பார்கள். சட்டத்தில் வேலி என்ற சொல் சுவருக்கு அடுத்தபடியாகவே எழுதியிருக்கிறது.

அந்த 8 அடியைப் பற்றி சிவில் படிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்களும் இந்த ஒரு பத்தியைத் தாண்டாமல் படியுங்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் பக்கத்தில் நடூரில், ஒரு வீட்டின் சுமார் 20 அடி உயரக் கருங்கல் காம்பவுண்ட் சுவர் மழையில் சாய்ந்து ஓட்டுவீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் தலித் மக்கள். அங்கிருந்தவர்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னார்கள். அதைத் தாண்டி நம் பாடத்துக்கு வருவோம். ஒரு பக்கம் மண்ணைத் தாங்கி நிற்கிற சுவருக்குப் பெயர் காம்பவுண்ட் இல்லை, அது ரீட்டெய்னிங் வால். மண்ணழுத்தத்தின் மொத்த விசை உயரத்தின் வர்க்கத்தோடு கூடும், சுவரைக் கவிழ்க்கிற மொமெண்ட் கனத்தோடு கூடும். 8 அடியை 20 அடி ஆக்கினால் உயரம் இரண்டரை மடங்குதான், கவிழ்க்கும் மொமெண்ட் கிட்டத்தட்ட 16 மடங்கு. வீப் ஹோல் இல்லாமல் பின்னால் தண்ணீர் நின்றால் அதுவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதை மேஸ்திரி கண்ணளவில் சொல்ல முடியாது. மலையடிவாரத்தில் மண்ணும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் நம் ஊரே பார்த்தது. மலைப்பக்கம் வீடு இருப்பவர்கள் 'வெறும் காம்பவுண்டு' என்ற சொல்லை விட்டுவிடுவது நல்லது.

சரி, எங்கள் தெருவில் யார் சுவரும் ஆறு அடியைத் தாண்டவில்லை, மண்ணையும் தாங்கவில்லை. ஒண்ணேமுக்கால் அடியில் என்ன குடி முழுகப்போகிறது?

டேப்பைச் சுருட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் அளந்தேன். சுவருக்கு வெளியே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ராம்ப். கார் ஏற வேண்டும், அதுவும் வழுக்காமல் ஏற வேண்டும் என்று சிலர் மூன்றடி, சிலர் நாலடி இழுத்திருக்கிறார்கள். எதிரெதிரே இரண்டு ராம்ப் வருகிற இடத்தில் தெரு 20 அடிதான். அதிலும் கார் இல்லாத வீடுகள் இரண்டு. ராம்புக்கு அடியில் ஓட வேண்டிய கால்வாய் பாதி இடத்தில் அடைத்துக் கிடக்கிறது, அதனால் மழை பெய்தால் தண்ணீர் தெருவிலேயே ஓடுகிறது. ஒரு வீட்டில் இ.பி. கம்பம் காம்பவுண்டுக்கு உள்ளே மல்லிகைப் பந்தலுக்கு ஆதாரமாக நிற்கிறது. கம்பம் நகரவில்லை, சுவர்தான் நகர்ந்திருக்கிறது. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கம்பம் இருக்கும், தேடிப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வளைக்க முடியாமல் நிற்கிறபோது நாம் திட்டுவது மாநகராட்சியைத்தான்.

இன்னொரு தந்திரமும் இதில் ஒளிந்திருக்கிறது, தெரிந்து செய்கிறார்களா என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு முன்னால் விட வேண்டிய காலியிடத்தை மனை எல்லையிலிருந்து அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது காம்பவுண்டுதான், அதனால் அதிலிருந்து அளப்பார்கள். சுவர் ஒண்ணேமுக்கால் அடி தள்ளி நின்றால் வீடும் அவ்வளவு முன்னால் வரலாம், காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். தெரு கொடுத்த இடத்தை நாம் தெருவுக்கு விட்டதாகக் கணக்குக் காட்டுகிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. யாரும் வந்து பார்ப்பதில்லை. நல்ல ஏற்பாடு, அலைச்சல் மிச்சம், கையை நனைக்க வேண்டிய இடங்களும் குறையும். ஆனால் 'என் எல்லை இது' என்று கையெழுத்துப் போடுவது இனி வீட்டுக்காரர்தான். அவருக்கு அந்த வரைபடத்தைப் போட்டுக்கொடுக்கப் போவது, இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில், நம்மில் சிலர்.

அதனால் என் கருத்து இதுதான். அந்த வரைபடத்தில் வீட்டை மட்டும் காட்டினால் போதாது. காம்பவுண்டின் வெளிமுகம், கேட் எந்தப் பக்கம் திறக்கும், ராம்ப் எல்லைக்கு உள்ளே எங்கே தொடங்குகிறது, இந்த மூன்றையும் கோடு போட்டுக் காட்டச் சொல்லிக் கட்டாயமாக்க வேண்டும். சுவர் கடைசியில், கையில் மீதி இருக்கிற காசில், பெயிண்ட் அடிக்கிற வாரத்தில் கட்டப்படுகிறது. அப்போது யாரும் மூலைக்கல்லைத் தேடுவதில்லை. அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போடுகிற அன்றைக்கே சுவருக்கும் மார்க்கிங் போட்டுவிட்டால் ஆகிற கூடுதல் செலவு ஒரு சுண்ணாம்புக் கோடு. கல் காணோம் என்றால் புல வரைபடம் வருவாய்த்துறை இணையதளத்தில் கிடைக்கிறது, எல்லை அளந்து காட்டச் சொல்லி சர்வேயருக்கும் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். (பழைய வரைபடத்தில் அளவு லிங்க்ஸில் இருந்தால் பயப்பட வேண்டாம். 100 லிங்க்ஸ் 66 அடி.)

புல்டோசர் வைத்து எல்லாச் சுவரையும் இடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடிப்பு என்று ஆரம்பித்தால் முதலில் போவது தெருவோரத் தள்ளுவண்டி, கிரானைட் ஒட்டின காம்பவுண்டு கடைசி வரை நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும். புதிதாக எழுகிற சுவரையாவது சரியான கோட்டில் நிறுத்தலாம். பழைய சுவரை ரிப்பேருக்காக எடுக்கும்போது உள்ளே தள்ளிக் கட்டலாம். ராம்பை மட்டும் உடனே எடுக்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் பொங்கல் லீவில் ராம்பை உடைத்தோம். நானும் தம்பியும் கடப்பாரை பிடித்தோம், ஒன்றரை நாள் ஆனது. கேட்டுக்கு உள்ளே சரிவு போட்டதில் செம்பருத்தியை இடம் மாற்ற வேண்டி வந்தது, அம்மா இரண்டு நாள் பேசவில்லை. எதிர்வீட்டு மாமா வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏன், கார்ப்பரேஷன்ல நோட்டீஸ் விட்டுட்டானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. மறுநாள் டேப் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.

சுவர் அங்கேயேதான் நிற்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் அப்பா, "நீ வேலைக்குப் போய் சம்பாதிச்சு இடிச்சுக் கட்டு" என்கிறார். தேதி சொல்லவில்லை, ஆனால் மாட்டேன் என்றும் சொல்லவில்லை.