கொர்பான் என்னும் சாக்கு

'முதியோர் இல்லம் கிறித்தவம் இறக்குமதி செய்த நோய். நம் பண்பாட்டில் அதற்கு இடமே இல்லை' என்று இலக்கியக் கூட்டங்களில் முழங்கக் கேட்டிருக்கிறோம். கிறித்தவ நண்பர்கள் உடனே, 'நீங்கள் கைவிட்டவர்களை ஏற்றுக்கொண்டது எங்கள் திருச்சபைதானே' என்கிறார்கள். இரண்டுமே வசதியான வாதங்கள் என்பது நம் தரப்பு. முதலாவது குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது திருச்சபையைக் காப்பாற்றுகிறது. முதியவரை இரண்டுமே காப்பாற்றவில்லை.

பண்பாட்டுப் பெருமையை முதலில் பார்ப்போம். 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து 'தலைக்கூத்தல்' பற்றிய செய்திகள் வெளிவந்தன. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவைக்கும் அந்த வழக்கத்தை எந்தப் பாதிரியார் கற்றுத்தந்தார்? அவ்வளவு தொலைவு போவானேன். திருவரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு மாலைப்பொழுதில் நடந்து பார்க்கலாம். பிள்ளைகள் கடல் கடந்திருக்க, பெற்றோர் கோயில் மணியோசையின் துணையில் காலம் கழிக்கும் வீடுகள் எத்தனை! 'பெருமாள் பார்த்துக்கொள்வார்' என்பது அவர்களின் நம்பிக்கை; பிள்ளைகளுக்கு அது ஏற்பாடு. காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, பிரசவ வேதனையில் கிடந்த மகளுக்கு இறைவனே தாயாக வந்தான் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவரின் கதை. இன்று காத்திருப்பவள் தாய். ஆற்றில் வெள்ளமும் இல்லை.

எனினும் நம் முதன்மையான வழக்கு திருச்சபையோடுதான். ஏனெனில் இந்த விஷயத்தில் தெளிவான நூல் அதன் கையில் இருக்கிறது. மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இயேசு கடுமையாகச் சாடுவது ஒரு சாக்கை. பெற்றோருக்குச் சேரவேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை என்று அறிவித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்ற சாக்கு அது. அந்தக் கொர்பான் இன்று வடிவம் மாறியிருக்கிறது. முதியோர் இல்லத்தில் ஒருநாள் உணவுக்கு நன்கொடை, திருவிழாவுக்குக் கொடிமரம், வீட்டின் பின்கட்டில் பேச ஆளின்றி அம்மா. கொடிமரத்தில் பெயர் பொறிக்கப்படுகிறது. பின்கட்டைப் பற்றிப் பங்குத்தந்தை கேட்பதில்லை.

'அன்பு செய்கிறோமே' என்பார்கள். அன்பு வேறு, இடம் தருவது வேறு. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் இதற்குச் சான்று. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர், முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அவர்களுக்கெனத் தனி இல்லம் கட்டவில்லை. பொறுப்பை ஏற்க எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது கவனிக்கத்தக்கது. முறையிட்ட தரப்பினரின் கையிலேயே நிர்வாகம் போயிற்று என்றுதான் இதை வாசிக்க முடிகிறது. லூக்கா நற்செய்தியில் குழந்தை இயேசுவைக் கோயிலில் கண்டுகொண்டு ஊராரிடம் பேசுபவள் அன்னா என்னும் முதிய கைம்பெண். அங்கே அவள் பொன்னாடைக்காகக் காத்திருக்கும் பயனாளி அல்லள், இறைவாக்கினள்.

திருச்சிராப்பள்ளி கிறித்தவத்திற்குப் புதிய ஊரன்று. சுவார்ட்ஸ் கட்டிய கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டினது. சேசு சபையினரின் தூய வளனார் கல்லூரி நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வந்தது 1883இல். அந்த வளனைத்தான் வீரமாமுனிவர் 'தேம்பாவணி'யின் நாயகனாக்கினார். அவன் நோயையும் இறப்பையும் காப்பியத்திற்குரிய பொருளாக்கினார். இப்படியொரு மரபுடைய ஊரில் நமக்குத் தெரிந்த ஓர் ஆலயத்தில் கண்டது இது. போப் பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக தினம் அங்கே கொண்டாடப்பட்டது. மேடையில் ஐவர் பேசினர். அறுபதைக் கடந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. முதியவர்கள் வரிசையில் நின்று துண்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினர். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகூட இல்லாத படிகள்!

முதியோர் இல்லங்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாருமற்றவரின் மலத்தையும் சீழையும் முகஞ்சுளிக்காமல் துடைக்கும் அருட்சகோதரிகளின் முன் நம் எழுத்துக்கு மதிப்பில்லை என்பதை அறிவோம். ஆனால் அவர்கள் ஆற்றும் பணி மற்றவர்களுக்கு விடுதலைப் பத்திரமாகிவிடக் கூடாது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதமும் பொறுப்பைப் பிள்ளைகள் மீதும் பேரப்பிள்ளைகள் மீதும்தான் முதலில் வைக்கிறது; ஆதரவற்றோருக்குத் திருச்சபை என்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது அது. மறையுரை சொல்லத் தவறியதைச் சட்டம் சொல்லவேண்டி வந்தது வெட்கமில்லையா?

நாம் கேட்பவை சிறியவை. பங்குப்பேரவையில் எழுபது கடந்தோருக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் வேண்டும். முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்பவர், அரைமணி நேரம் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திரும்ப வேண்டும். இவற்றுக்குக் கொடிமரத்தின் செலவில் கால்வாசிகூட ஆகாது. இவற்றையும் செய்ய மனமில்லையெனில், மாற்கு ஏழாம் அதிகாரம் வாசிக்கப்படும் ஞாயிறன்று காணிக்கைத் தட்டை மட்டுமாவது சுற்றிவராமல் நிறுத்திவைக்கட்டும்.