பயிற்சி வாளுக்கு காசை கொட்டாதீங்க... முகமூடியில் கஞ்சத்தனம் வேண்டாம்!

லீவு முகாமுக்கு போன பிள்ளை வீட்டுக்கு வந்து, "எனக்கு சொந்தமா ஒரு வாள் வேணும்" என்று அடம்பிடித்தால் அப்பாவுக்கு அன்றைக்கே தலைவலி ஆரம்பம். எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது?

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னை பவானி தேவி இறங்கினார். ஒலிம்பிக் வாள்வீச்சில் களம் கண்ட முதல் இந்தியர் அவர்தான். அவர் ஆடுவது சேபர். அவரே ஆரம்பத்தில் மூங்கில் குச்சியை வைத்துத்தான் பழகினார். வாள் அவ்வளவு விலை!

புதிதாக சேரும் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் முதலில் ஏறுவது ஃபாயில். இதில் குத்து உடம்பில், அதாவது மார்பு, வயிறு, முதுகில் பட்டால்தான் பாயிண்ட். பயிற்சிக்கு ஒயர் இல்லாத, முனையில் ரப்பர் மாட்டிய சாதா பிளேடே போதும். லைட் எரியும் எலக்ட்ரிக் பிளேடு போட்டிக்கு போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சைஸ் முக்கியம். 5-ம் நம்பர்தான் முழு அளவு, 90 செ.மீ. "வளர்ற பிள்ளைதானே" என்று பள்ளிச் சட்டை எடுப்பதுபோல் பெரிதாக எடுத்தால், நுனி கனத்து மணிக்கட்டு தொங்கிவிடும். சின்ன பிள்ளைகளுக்கு 0, 2 நம்பர் இருக்கிறது.

அடுத்து ஸ்டீல். சர்வதேச போட்டிக்கு மாராஜிங் ஸ்டீல் ஃபாயில் கட்டாயம். சீக்கிரம் விரிசல் விடாது. ஆனால் விலை சாதா பிளேடைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. பழகும் பிள்ளைக்கு அது தண்டச்செலவு. அந்த காசு போக வேண்டிய இடம் வேறு.

1982, ரோம். உலக சாம்பியன்ஷிப் போட்டி. மோதிய வேகத்தில் எதிராளியின் ஃபாயில் முறிந்தது. முறிந்த முனை முகமூடி வலையை கிழித்துக்கொண்டு கண் வழியாக மூளைக்குள் பாய்ந்தது. இறந்தவர் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ், ஒலிம்பிக் சாம்பியன்! அதன்பிறகுதான் முகமூடி, உடை, பிளேடு விதிகள் எல்லாம் இறுகின.

மாராஜிங்கும் முறியும். முறிந்தால் அதுவும் கூர்தான். ஆகவே வலை துருப்பிடித்த, அமுங்கிய பழைய முகமூடியை பாதி விலைக்கு கொடுத்தாலும் வாங்கக்கூடாது. தலையை ஆட்டினால் கழன்று விழக்கூடாது. ஜாக்கெட்டுக்குள் அக்குள் பக்கம் மறைக்கும் உள்கவசமும் வேண்டும்.

வாங்கிய பிளேடையும் சும்மா விடக்கூடாது. பயிற்சி முடிந்ததும் வியர்வையை துடைத்து லேசாக எண்ணெய் தடவணும். வாரம் ஒருமுறை பஞ்சை வைத்து மேலிருந்து கீழ் இழுத்தால் நூல் சிக்கும் இடத்தில் விரிசல் இருக்கும். வளைக்கும்போது வில்லாக வளையாமல் ஒரே இடத்தில் மடிந்தால் கதை முடிந்தது. நிமிர்த்தி ஒப்பேற்ற நினைக்காதீர்கள்.

முறிந்த துண்டை தெருக்குப்பையில் அப்படியே வீசவும் கூடாது. துணி சுற்றி பழைய இரும்புக்கடையில் போடுங்கள்.