நூறு ஆக்டேன் போட்டால் கார் பறக்குமா?



நம் ஹாஸ்டலில் அடிக்கடி நடக்கும் சண்டை இது. "நூறு ஆக்டேன் பெட்ரோல் போட்டா வண்டி சும்மா பறக்கும்டா" என்பான் ஒருவன். "எல்லாம் ஏமாத்து வேலை" என்பான் இன்னொருவன். ஆட்டோமொபைல் படிக்கும் நாமே இப்படி என்றால், ஊர் யாரிடம் போய்க் கேட்கும்?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். பழைய கார்புரேட்டர் கார் வைத்திருக்கும் ஒருவர், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப் போவதாகச் சொல்லி, "தம்பி, நீங்க டிப்ளமோ படிக்கிறீங்க. என்ன பெட்ரோல் போடலாம்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்தான். என்னையும் மதித்து ஒருவர் கேட்டதும் தலைகால் புரியவில்லை. "நூறு ஆக்டேன் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அதிக விலை கொடுத்து டேங்க் நிறையப் போட்டார். லேப் நேரம் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. அவர் கோபிக்கவில்லை. "படிச்ச பிள்ளை சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் புத்தகத்தை ஒழுங்காகப் புரட்டினேன். ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டுவதல்ல. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக்கிலிருந்து கிளம்பிய தீ வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். அதைத் தாங்கும் குணத்தின் அளவே ஆக்டேன். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் எண் 100-க்கு மேல். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் வெப்ப ஆற்றலோ பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு!

அப்படியானால் டிராக்கில் பயனே இல்லையா? உண்டு. டர்போ வைத்த என்ஜின், கம்ப்ரஷன் ரேஷியோ அதிகமான என்ஜின் இவற்றில் உண்டு. டிராக்கில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியே ஓட்டுவதால் சூடு ஏறும். நாக் சென்சார் அதைக் கண்டுபிடித்தால், கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும்; பவர் குறையும். அங்கே நல்ல ஆக்டேன், இழந்த பவரைக் காப்பாற்றும். கம்பெனி 95 கேட்டால் 95 போட்டே ஆகவேண்டும். ஆனால் கம்ப்ரஷன் குறைவான, சென்சாரே இல்லாத பழைய காருக்கு நூறு போடுவது, காய்ச்சல் இல்லாதவனுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பது போலத்தான்.

எங்கள் மேஸ்திரி எட்டாவதுகூடத் தாண்டாதவர். அந்தக் காரைத் திறந்து பார்த்து, "ஏர் பில்டர் அடைச்சிருக்கு, பிளக் தேஞ்சிருக்கு, டயர்ல காத்து ஒண்ணுக்கொண்ணு சரியில்ல. இதை விட்டுட்டு பெட்ரோலை மாத்தச் சொன்னியாக்கும்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சரி செய்தோம். அடுத்த முறை சாதா பெட்ரோலிலேயே நேரம் குறைந்தது.

நண்பர்களே! நாளை நம் கையில் சர்டிபிகேட் இருக்கும். நம் வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் பாக்கெட்டில் கைவிடுவார். அது நம் அப்பா போல வியர்வை சிந்திச் சம்பாதித்த காசாகவும் இருக்கலாம். தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால், "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்போம். அதில் வெட்கம் இல்லை.

என்ஜினைப் பார், பிறகு பெட்ரோலைப் பார்!

- இரண்டாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு