பங்காளிச் சண்டையும் பாட்டாளியின் கூலியும்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. முதலாளி இரண்டுபட்டால்? தொழிலாளிக்குத் திண்டாட்டம்!

இரண்டு பேர் கூட்டாகப் பணம் போட்டு ஓர் ஆலை வைக்கிறார்கள். லாபம் வருகிறவரை அண்ணன் தம்பி போலப் பழகுகிறார்கள். பிறகு கணக்கில் தகராறு வருகிறது. ஒருவர் செக்கில் கையெழுத்துப் போட மறுக்கிறார். மற்றவர் பாங்கிக்குக் கடிதம் எழுதிக் கணக்கை முடக்குகிறார். கூலி நாளில் கை நீட்டி நிற்கிற தொழிலாளிக்கு என்ன பதில்? “எங்களுக்குள் கேஸ் நடக்கிறது. முடியட்டும், பார்க்கலாம்.” கேஸ் அவர்களுடையது, பட்டினி நம்முடையது!

வியாபாரச் சட்டம் இந்தச் சண்டைகளைச் சீக்கிரம் தீர்க்கிறது, தொழிலைக் காப்பாற்றுகிறது, தொழில் நடந்தால் தொழிலாளிக்கும் நல்லதுதானே என்று மெத்தப் படித்தவர்கள் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் இந்த உபதேசத்தை உரைத்துப் பார்க்க வேண்டும். பித்தளையா, பொன்னா என்று தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரெஞ்சு ஆட்சியில் நம் பகுதியில் பிரெஞ்சுச் சட்டம் நடந்தது. 1954ல் ஆட்சி கைமாறியது. 1962ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. அதன் பிறகு இந்தியச் சட்டங்கள் இங்கே வந்தன. அவற்றில் இரண்டு நம் விஷயத்துக்கு முக்கியம். ஒன்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். மற்றது 1932ஆம் ஆண்டு கூட்டு வியாபாரச் சட்டம்.

ஒப்பந்தத்தை மீறியவன் அதனால் விளைந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்கிறது முதல் சட்டம். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் உண்மையான கணக்குக் காட்ட வேண்டும், பிரிந்தால் எந்த வரிசையில் கடனை அடைத்துப் பங்கைப் பிரிக்க வேண்டும் என்கிறது இரண்டாவது சட்டம். இவை கெட்ட சட்டங்கள் என்று நாம் சொல்லவில்லை. கூட்டாளியிடம் ஏமாந்த சிறு கடைக்காரனுக்கும் இவைதான் துணை.

அது மட்டுமல்ல. நம் காதுக்கு யாரும் எட்டவிடாத சில விஷயங்கள் இந்தக் கூட்டு வியாபாரச் சட்டத்திலே இருக்கின்றன. பாகூர்ப் பக்கம் இரண்டு பேர் கூட்டாகக் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கரும்பு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு முடிந்தது, கூட்டாளிகள் முறைத்துக் கொண்டார்கள். கூலி கேட்டால் இவன் அவனைக் கைகாட்டுகிறான், அவன் இவனைக் கைகாட்டுகிறான். சட்டம் என்ன சொல்கிறது? கூட்டின் காரியத்தில் ஏற்பட்ட கடனுக்குக் கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனித்தும் பொறுப்பு. முழுக் கூலியையும் எந்த ஒருவனிடமும் கேட்கலாம். “நான் பாதிக்குத்தான் பங்காளி” என்ற பேச்சு நம்மிடம் செல்லாது.

“எங்கள் கூட்டு ரிஜிஸ்தர் ஆகவில்லை” என்பதும் செல்லாது. ரிஜிஸ்தர் ஆகாத கூட்டு தன் ஒப்பந்தத்தைக் காட்டி வெளியார் மீது வழக்குப் போட முடியாது; ஆனால் வெளியார் அதன் மீது வழக்குப் போடத் தடையில்லை. கூட்டுக் கலைந்தால் சொத்திலிருந்து முதலில் வெளியாருக்குள்ள கடன் தீர வேண்டும். கூட்டாளிகளின் முதலும் லாபமும் அதற்குப் பிறகுதான். கூலிப் பாக்கியும் கடன்தான்! வாய்ப்பேச்சாகச் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். பத்திரம் இல்லை என்பதற்காக அது செத்துவிடாது.

அப்படியானால் குறை எங்கே? ஏட்டிலே நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை வாங்கப் போகும் பாதைதான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

அவர்களுக்குத் தார் ரோடு, நமக்கு ஒற்றையடிப் பாதை

முதலாளிகளின் தகராறுகளைத் தீர்க்க 2015ல் வர்த்தகக் கோர்ட்டுச் சட்டம் என்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். முதலில் ஒரு கோடி ரூபாய் பெறுமான வழக்குகளுக்கு என்று இருந்ததை 2018ல் 3 லட்சத்துக்கு இறக்கினார்கள். பிரதிவாதி 120 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். வாதம் முடிந்து 90 நாட்களுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கோர்ட்டுக்கே போக வேண்டாம் என்றால் மத்தியஸ்தர் இருக்கிறார். அவருக்கும் சட்டம் 12 மாதக் கெடு வைத்திருக்கிறது.

எவை வர்த்தகத் தகராறு என்று அந்தச் சட்டத்தில் 22 இனங்கள் அடங்கிய பட்டியல் உண்டு. கூட்டு ஒப்பந்தம் உண்டு. பங்குதாரர் ஒப்பந்தம் உண்டு. கப்பல் உண்டு, விமானம் உண்டு. உழைப்பாளியின் கூலிப் பாக்கி என்று ஓர் இனம் உண்டா? இல்லை! பஞ்சு கொடுத்தவனின் பாக்கி வர்த்தகத் தகராறு. அந்தப் பஞ்சை நூலாக்கியவனின் பாக்கி வேறு ஏதோ தகராறு. அவன் லேபர் ஆபீசுக்குப் போக வேண்டும்; சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும்; டிரிபியூனலுக்குப் போக வேண்டும்; ஜெயித்தாலும் ஹைகோர்ட்டுக்கு அலைய வேண்டும். பஞ்சு வியாபாரிக்குக் கெடு வைக்கத் தெரிந்த சர்க்காருக்குக் கூலிக்காரனுக்குக் கெடு வைக்கத் தெரியாதா?

புதுச்சேரியும் கோவையும் கொடுத்த பாடம்

இந்தப் பாரபட்சம் கெடுவோடு முடியவில்லை. கோர்ட்டுக்குள் வாய் திறக்கும் உரிமையிலேயே இருந்தது.

1936 ஜூலை 30ல் பிரெஞ்சுப் போலீஸின் குண்டுக்குப் புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் பலியானார்களே, அந்த மில் பின்னாளில் சுதேசி மில் ஆயிற்று. கான்பூர் சுதேசிக் கம்பெனியின் ஆறு ஆலைகளில் அதுவும் ஒன்று. கான்பூர் ஆலையில் கூலிப் பாக்கி கேட்டுக் கொதித்த தொழிலாளர்கள் மீது 1977 டிசம்பர் 6ல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. 1978 ஏப்ரலில் மத்திய சர்க்கார் ஆறு ஆலைகளின் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. கம்பெனி வழக்காடியது: “எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தது தவறு.” 1981 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஒப்புக்கொண்டார்கள். முதலாளியைக் கேட்காமல் முடிவு செய்வது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார்கள். நல்லது. ஒருவனைக் கேட்காமல் அவன் விஷயத்தை முடிவு செய்யக் கூடாதுதான்.

அதே நியாயம் தொழிலாளிக்கு உண்டா? கோவையில் ராமகிருஷ்ணா இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரைவேட் கம்பெனியில் பங்குதாரர்கள் இரண்டு கோஷ்டியானார்கள். இப்படிப்பட்ட சின்னக் கம்பெனியைக் கூட்டு வியாபாரம் போலவே பாவிப்பது கோர்ட்டு வழக்கம். கூட்டாளிகள் ஒத்துப்போகாவிட்டால் கலைத்துவிடலாம் என்பது வாதம். கம்பெனியைக் கலைக்கும்படி சென்னை ஹைகோர்ட்டில் மனுப் போட்டார்கள். ஆலை கலைந்தால் தெருவில் நிற்கப் போவது தொழிலாளர்கள். “எங்களையும் விசாரியுங்கள்” என்று சங்கங்கள் கேட்டன. ஹைகோர்ட் மறுத்தது. பங்குதாரர் பேசலாம், கடன் கொடுத்தவர் பேசலாம், தறியிலும் இயந்திரத்திலும் ஆயுளைக் கழித்தவன் பேசக் கூடாது!

சங்கங்கள் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1982 டிசம்பர் 10ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பகவதி, சின்னப்ப ரெட்டி உள்ளிட்ட மூவர், கம்பெனியைக் கலைக்கும் வழக்கில் தொழிலாளர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்றார்கள். இருவர் இல்லை என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் நமக்கு வாய் கிடைத்தது! அந்த வாயும் கோவைத் தொழிலாளர்கள் கதவைத் தட்டியதால் கிடைத்தது. 1985ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, கலைகிற கம்பெனியில் தொழிலாளியின் பாக்கியைப் பாங்கியின் ஈட்டுக் கடனுக்குச் சமமாக வைத்தார்கள்.

கோடி ரூபாய் வாசல்

பிறகு 2016ல் திவால் சட்டத் தொகுப்பு வந்தது. அது தொழிலாளிக்குக் கொடுத்ததையும் மறைக்க வேண்டாம். கம்பெனி கலைந்தால் 24 மாதக் கூலிப் பாக்கி பாங்கிக் கடனோடு சம வரிசையில் நிற்கிறது. பிராவிடண்டு பண்டு, கிராஜுவிடி நிதியிலிருந்து வர வேண்டிய பணம் கடன்காரர்களுக்குப் பங்கு போடும் சொத்தில் சேராது. 2019ல் ஒரு சணல் ஆலை வழக்கில் சுப்ரீம் கோர்ட், தொழிலாளர்களுக்காகத் தொழிற்சங்கமே கடன்காரர் என்ற முறையில் மனுப் போடலாம் என்றும் சொல்லியது.

கையில் கொடுத்ததை வாசலில் பறித்தார்கள். மனுப் போட ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருந்தால் போதும் என்றிருந்ததை 2020 மார்ச்சில் ஒரு கோடி ஆக்கினார்கள். கணக்குப் போடுங்கள். ஆளுக்கு 50 ஆயிரம் ரூபாய் பாக்கி என்றால் 200 தொழிலாளிகள் சேர்ந்தால்தான் அந்த வாசலில் கால் வைக்க முடியும். 60 பேர் வேலை செய்கிற சிற்றாலைத் தொழிலாளி என்ன செய்வான்? 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, ஆலையை மூட முன் அனுமதி வேண்டும் என்ற விதியை 300 பேருக்குக் குறையாத ஆலைகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. முன்பு அது 100 பேராக இருந்தது. பங்காளிகள் முறைத்துக்கொண்டு சிற்றாலையை மூட வழி அகலமாகிறது. கூலியைக் கேட்கும் வழி குறுகலாகிறது.

சர்க்கார் மனம் வைத்தால் சட்டத்தின் கை நீளும் என்பதற்கு வில்லியனூர்ப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. நிதி நிறுவனங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காகப் புதுச்சேரி சட்டசபை 2004ல் ஒரு சட்டம் செய்தது. நிறுவனத்தின் சொத்துப் போதாவிட்டால் அதை நடத்தியவர்களின் சொத்தையும் ஜப்தி செய்யலாம் என்றது. அதை எதிர்த்தவர்களில் அரியூரில் சர்க்கரை ஆலை வைத்திருந்த நியூ ஹொரைசன் கம்பெனியும் ஒன்று. 2012ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பணம் போட்டவனுக்காகக் கம்பெனி என்ற திரையை விலக்க முடிகிறது. உழைப்பைப் போட்டவனுக்காக விலக்கினால் மட்டும் வானம் இடிந்துவிடுமா?

நாம் கேட்பது

நாம் கேட்பவை நான்கே. கூலிப் பாக்கி வழக்குக்கும் வர்த்தக வழக்கைப் போல நாள் கெடு வேண்டும். பங்காளிகள் கோர்ட்டுக்குப் போன அன்றே, கூலித் தொகையை அவர்கள் கோர்ட்டில் கட்டிவிட்டுத்தான் சண்டை போட வேண்டும். ஒரு கோடி என்ற வாசற்படி தொழிலாளிக்கு இருக்கக் கூடாது. கம்பெனியிடம் சொத்து இல்லை என்றால் நடத்தியவர்களின் சொத்திலிருந்து கூலி வர வேண்டும்.

சர்க்கார் தரும்வரை நாம் கைகட்டி நிற்கவும் வேண்டாம். வேலை நாளையும் பேசிய கூலியையும் அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வைப்போம்; மேஸ்திரியின் கையெழுத்தை வாங்குவோம். நாற்று நடப் போனாலும் கரும்பு வெட்டப் போனாலும், கூட்டாளிகள் யார் யார் என்று முதல் நாளே பெயர் கேட்டு எழுதுவோம். அவர்கள் சண்டை என்று தெரிந்தவுடன் பாக்கியை எழுதி எல்லாக் கூட்டாளிகளுக்கும் நோட்டீஸ் விடுவோம். கம்பெனியைக் கலைக்க மனு என்று காதில் விழுந்தால், சங்கம் அதே கோர்ட்டில் அன்றே நுழைய வேண்டும். கோவைத் தொழிலாளர்கள் திறந்து வைத்த கதவு அது. நாம் போகாவிட்டால் துருப்பிடித்துவிடும்.

பங்காளிகள் சண்டை போடட்டும், சமாதானம் ஆகட்டும். அது அவர்கள் பாடு. நம் வியர்வைக்கு உரிய கூலி அவர்களுடைய வழக்குக் கட்டுக்குள் கிடந்து மக்க நாம் சம்மதிக்க முடியாது. முதலில் கூலி! பிறகு கேஸ்!