அரிசிமணிப் பட்டாளம்

ஆறு மில்லிமீற்றர் உயரமுள்ள போர்வீரன் ஓர் அரிசிமணியளவே இருப்பான். இத்தகைய உலோகப் பொம்மைகளுக்குக் கறுப்பு வர்ணம் பூசி, காய்ந்தபின் முகத்துக்கு ஒரு புள்ளியும் சட்டைக்கு ஒரு கோடும் இட்டு, பழைய சமர்களை மேசைமீது ஆடுவோர் மேல்நாடுகளிலே பலருளர். படையின் நடையை அடிமட்டம் அளக்கும்; அடிபட்டவர் எத்தனை பேர் என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

தர்மபுரத்திலே இவ்விளையாட்டு எதற்கு என்று பெற்றோர் வினவலாம். 2009 ஆம் ஆண்டு தை மாதத்தில் மெய்யான யுத்தமே இவ்வூரைக் கடந்து சென்றது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் சனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் கிழக்கே பெயர்ந்தனர். அதன்பின் பிறந்த பிள்ளைகளோ அதனைக் கண்டறியார்.

1913 இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில் இத்தகைய ஆட்டத்துக்கு விதி வகுத்த எச். ஜி. வெல்ஸ், இதனைச் சிலமுறை ஆடினாலே பெரும்போரின் மதிகேடு விளங்கிவிடும் என அந்நூலிலேயே கூறினார். மறு ஆண்டே உலக மகாயுத்தம் மூண்டது.

வீழ்ந்த பொம்மை அடுத்த ஆட்டத்தில் எழுந்து நிற்கும். வீழ்ந்த மனிதன் எழான். பிள்ளைகள் படை நடத்தும்போது அருகிலிருந்து இதனைச் சொல்லுதல் பெற்றோர் கடன். சொல்லத் தகுதியுடையோர் நம்மூரில் வீட்டுக்கு வீடு உளரன்றோ!