கருவி மௌனித்தால் திருத்துபவர் யார்?

மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையுள்ள நமது கரையோரத்தை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் சிதைத்த பின்னர், கடலையும் வெள்ளத்தையும் கண்காணிக்கும் கருவிகளின் அவசியத்தை இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், அவை பழுதுற்றால் திறந்து பார்த்துத் திருத்தவல்லவர்களை நாம் உருவாக்குகிறோமா என்னும் வினா இன்னும் உரிய கவனத்தைப் பெறவில்லை.

இத்தகைய கருவிகள் பலவற்றுள் இயங்குவது லினக்ஸ் இயங்குதளம். நீர்மட்ட உணரியொன்று, புரொசசர் தன் வேலையை இடைநிறுத்தித் தன்னைக் கவனிக்குமாறு கம்பி வழியே விடுக்கும் சமிக்ஞையே இன்டரப்ட். அக்கம்பி எங்கே சேர்கிறது, அதன் இலக்கம் யாது, சமிக்ஞையின் சுபாவம் எத்தகையது என்பனவற்றை லினக்ஸின் மையமான கேர்னலுக்கு அறிவிக்கும் சாசனம் டிவைஸ் ட்ரீ. தன் கோரிக்கை நிறைவேறும் வரை கம்பியைத் தாழ்நிலையிலேயே வைத்திருக்கும் உணரிக்கு அதில் 8 என்று எழுத வேண்டிய இடத்தில், கணநேர வீழ்ச்சியைக் குறிக்கும் 2 என்று எழுதிவிட்டால், மேசைமீது சோதிக்கையில் யாவும் ஒழுங்காகவே நடைபெறும். மாரி மழையில் தரவுகள் அடுத்தடுத்து வரும்போதோ, முதற் கோரிக்கை முடியுமுன் இரண்டாவது வந்துசேர, கம்பி மேலெழாமலே நிற்க, புதிய வீழ்ச்சி எதுவும் நிகழாமையால் கருவி அக்கணமே மௌனித்துவிடும். அவசியமான வேளையில் மட்டும் வெளிப்படும் பிழையினும் அபாயகரமானது வேறில்லை.

இதனைக் கண்டறிய மந்திரம் எதுவும் வேண்டாம். கிரமம் ஒன்றே போதும். கேர்னல் பேணும் இன்டரப்ட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று முதலில் நோக்க வேண்டும். ஏறாவிடின் அலைகாட்டியைக் கம்பியில் பொருத்தி, அது தாழ்ந்தே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் உணரியின் கையேட்டை டிவைஸ் ட்ரீயுடன் வரிவரியாக ஒப்பிட வேண்டும். எண்களை மனம்போனபடி மாற்றிப் பார்ப்பவர் தற்செயலாக வெற்றி பெற்றாலும் காரணத்தை அறியார். காரணம் அறியாத திருத்தம் அடுத்த மாரியைத் தாங்காது.

இக்கிரமத்தைப் பயிற்றுவதற்கு இங்கு இடமில்லாமல் இல்லை. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடமும் தொழில்நுட்பவியற் பீடமும் உள்ளன; 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. திரையில் தோன்றும் செயலிகளை ஆக்கப் பயிற்றுவதோடு நின்றுவிடாமல், வேண்டுமென்றே பிழையாக அமைத்த மின்சுற்றுப் பலகையொன்றை ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுத்து, அப்பிழையைக் கண்டு காரணத்தைத் தமிழில் எழுதுமாறு பணிப்பதைப் பரீட்சையின் ஓர் அங்கமாகவே ஆக்குதல் வேண்டும். பாதை வெள்ளத்தில் மூழ்கிய நாளில் கொழும்பிலிருந்து நிபுணர் வருவாரெனக் காத்திருக்க இயலாது. அந்த நிபுணர் இந்தக் கரையிலேயே வாழ்பவராக இருத்தல் வேண்டும்.