பூனையின் தட்டும் வணிகரின் நாவும்



சென்ற மாதம் ஒரு மாலை, மக்தப் முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்றுகொண்டிருந்தபோது பத்து வயது மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். கையில் ஒரு பாலிதீன் பொட்டலம். உள்ளே பழுப்பு நிறத்தில், மீன் வடிவத்தில் சிறு சிறு துண்டுகள்.

"ஹஜ்ரத், இது எங்க பூனையோட தீனி. இதுல என்ன கலந்திருக்கு? இதத் தொட்ட கையோட குர்ஆன் எடுக்கலாமான்னு உம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்தும் இல்லை. பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோ கணக்கில் நிறுத்து, முடிச்சுப் போட்டு வைத்திருந்த பொட்டலம் அது. "நாளைக்குச் சொல்றேன் மகளே" என்று அனுப்பி வைத்தேன். ஹலால், ஹராம் சட்டங்களை அன்றாடம் கற்பிக்கும் எனக்கு, ஒரு பூனைத் தீனியைப் பற்றிப் பதில் சொல்ல இயலவில்லை. சட்டம் தெரியும், எந்தப் பொருளுக்குச் சட்டம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் அந்தக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். ஐவேளைத் தொழுகையில் முதல் ஸஃப்பில் நிற்பவர். எங்கள் மத்ரஸாவின் சமையல்கட்டுக்கு மாதந்தோறும் அரிசி தருபவர். மூட்டையைக் காட்டுமாறு கேட்டேன். அதில் அச்சிட்டிருந்தது ஒரே சொற்றொடர்: "இறைச்சி மற்றும் விலங்குசார் பொருள்கள்." எந்த விலங்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பூனைக்குத்தானே ஹஜ்ரத்? பூனை என்ன வந்து கேள்வி கேக்கவா போகுது?"

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கான பதில்.

பூனை கேட்காது, நாம் கேட்கப்படுவோம்

பூனைக்கு ஹலால், ஹராம் இல்லை என்பது உண்மை. நஜீஸான உணவை விலங்குகளுக்குக் கொடுப்பதை அனுமதித்த ஃபிக்ஹ் அறிஞர்களும் உண்டு. ஆனால் கேள்வி அங்கே முடிவதில்லை. செத்த பிராணியையும் பன்றியையும் விற்பதை மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். விற்பவரும் வாங்குபவரும் மனிதர்கள். சட்டம் அவர்கள் மீது வருகிறது. தீனி வைக்கும் கை, கிண்ணம் இருக்கும் தரை, அருகில் விரித்திருக்கும் முஸல்லா ஆகியவற்றின் தூய்மையும் நம் பொறுப்பே. ஷாஃபிஈ மத்ஹபின்படி பன்றியின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால். அரைத்து, வேகவைத்து, உருமாறிய பொருளுக்கு என்ன சட்டம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே விவாதம் உண்டு. விவாதிக்கவேனும் முதலில் உள்ளே இருப்பது என்னவென்று தெரிய வேண்டாமா?

நம் வீடுகளில் பூனை அந்நியமன்று. அபூ கதாதா (ரலி) அவர்கள் தாம் உளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்த செய்தியை நாம் பாடமாகவே நடத்துகிறோம். ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தியும் அதே பாடத்தில் வருகிறது. இன்று அடுக்குமாடியில் அடைத்து வளர்க்கும் பூனை தானே தேடி உண்ண முடியாது. நாம் கிண்ணத்தில் போடுவது மட்டுமே அதன் உணவு. ஆகவே அந்தக் கிண்ணம் ஓர் அமானிதம்.

சொற்களுக்குள் ஒளியும் வணிகம்

பொட்டலத்தில் எழுத்து இருந்தால் போதுமா? அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் பெயரிடல் விதிகளைப் பாருங்கள். "பூனைகளுக்கான கோழி" என்று பெயர் வைத்தால், சேர்க்கும் தண்ணீர் நீங்கலாக 95 விழுக்காடு கோழி இருக்க வேண்டும். "கோழி டின்னர்" என்றால் 25 விழுக்காடு போதும். "கோழியுடன்" என்றால் 3 விழுக்காடு போதும். "கோழிச் சுவை" என்றால் சுவை தெரிந்தாலே போதும். குறைந்தபட்ச அளவே இல்லை. நான்கு டப்பாக்களிலும் ஒரே கோழிப் படம் இருக்கலாம். 95க்கும் 3க்கும் உள்ள தூரம் ஒரு சிறு சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் "இறைச்சி மற்றும் விலங்குசார் பொருள்கள்" என்று ஒட்டுமொத்த வகைப் பெயரை மட்டும் எழுதச் சட்டமே இடம் தருகிறது. இந்த மாதம் கோழி மலிவு என்றால் கோழி, அடுத்த மாதம் பன்றி மலிவு என்றால் பன்றி. சீட்டை மாற்ற வேண்டியதில்லை. அங்கே "கோழியுடன்" என்று எழுத 4 விழுக்காடு போதும். மீதி எது என்பதை வாங்குபவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொருள்களை எடை வரிசையில் எழுத வேண்டும் என்ற நல்ல விதியையும் வளைக்க முடிகிறது. பச்சைக் கோழியில் பெரும்பகுதி நீர். அந்த நீரின் எடையோடு சேர்த்துக் கோழியை முதலிடத்தில் எழுதுவர். அரிசியையோ அரிசி, நொய், தவிடு என மூன்றாகப் பிரித்துக் கீழே தள்ளிவிடுவர். மூன்றையும் கூட்டினால் முதலிடம் அரிசிக்குத்தான். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் வாங்குபவர் மனத்தில் பதிவது பொய்.

நியாயமாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஈரல், நுரையீரல், மண்ணீரல் போன்ற துணைப்பொருள்கள் பூனைக்குக் கேடு அல்ல. வேட்டையாடும் பூனை அவற்றையும் உண்ணும். ஈரல் இருக்கிறது என்பது என் புகார் அன்று. ஈரலை ஈரல் என்றும், ஆட்டினுடையதை ஆட்டினுடையது என்றும் எழுத மறுப்பதே என் புகார்.

சோதித்தபோது கிடைத்தது

கலிஃபோர்னியாவின் சாப்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் விற்கும் 52 நாய், பூனை உணவுகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். 31 உணவுகளில் சீட்டும் பொருளும் ஒத்திருந்தன. 20 உணவுகளில் முரண் இருந்திருக்கக்கூடும் என்று கண்டனர். அவற்றுள் 16இல், சீட்டில் குறிப்பிடாத இறைச்சி இருந்தது. அப்படிச் சொல்லாமல் கலந்திருந்தவற்றுள் மிக அதிகமாகத் தென்பட்டது எது தெரியுமா? பன்றி.

வேண்டுமென்றே கலந்தார்களா, ஆலையில் ஒரே இயந்திரத்தில் அரைத்ததால் கலந்ததா என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை. நாமும் யார் மீதும் பழி சுமத்த வேண்டாம். ஆனால் "கோழி" என்று நம்பி வாங்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு, கலந்தவரின் எண்ணம் எதுவானாலும் கிண்ணத்தில் விழுந்தது ஒன்றுதான்.

"ஹலால் முத்திரை இருந்தால் வாங்கலாம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். முத்திரையைக் கொடுத்தது யார், ஆலையை நேரில் பார்த்தார்களா, எத்தனை காலத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பதில் கிடைத்தால் வாங்குங்கள். முத்திரை, சீட்டு இருக்க வேண்டிய இடத்தை நிரப்பிவிடாது. அறுப்பு ஹலாலாக இருந்து, 3 விழுக்காட்டை 95 போலக் காட்டினால் அந்த வணிகம் தூய்மையாகிவிடுமா? பன்றி இல்லை என்பதோடு நம் கேள்விகள் முடிந்துவிட்டால், மார்க்கத்தில் பாதியை மட்டுமே நாம் கேட்டிருக்கிறோம்.

பூனைகள் முதலில் செத்தன

"மனிதனுக்கே கலப்படமில்லாத உணவு கிடைக்காத நாட்டில் பூனைத் தீனிக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பவர்களுக்கு 2007ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன்.

அவ்வாண்டு மார்ச் 16 அன்று, கனடாவைச் சேர்ந்த மெனு ஃபுட்ஸ் நிறுவனம் தான் தயாரித்த நாய், பூனை உணவுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. டப்பாக்களும் பைகளுமாக 6 கோடிக்கும் மேல். ஒரே ஆலையின் பண்டம் பற்பல வணிகப் பெயர்களில் விற்பனையாகியிருந்தது அப்போதுதான் மக்களுக்குத் தெரியவந்தது. உயர்ந்த விலை கொடுத்தவரும் மலிவாக வாங்கியவரும் ஒரே விஷத்தை வீட்டுக்குக் கொண்டு சென்றிருந்தனர். பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன.

காரணம், சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் வந்த மாவு. அதில் மெலமைன் கலந்திருந்தது. மெலமைன் தட்டுகளும் பலகைகளும் செய்வதற்கான வேதிப்பொருள், உணவன்று. அதை ஏன் கலந்தார்கள்? உணவில் எவ்வளவு புரதம் என்பதைச் சோதனைச்சாலை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறது. உண்மையான புரதத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய 16 விழுக்காடு. மெலமைனில் ஏறக்குறைய 66 விழுக்காடு. ஒரு கைப்பிடி மெலமைன் போட்டால், மட்டமான மாவும் சோதனையில் சத்து மாவாகிவிடும். மெலமைனும் அதனோடு வந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகி வழியை அடைத்தன.

சுருங்கச் சொன்னால், அது தராசில் கை வைக்கும் பழைய மோசடியின் புதிய வடிவம். அளவிலும் நிறுவையிலும் குறைப்போருக்கான எச்சரிக்கையோடு தொடங்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஓதும் நமக்கு இது புரியாததா?

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 2008இல் சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்மாவில் இருப்பது வெளிப்பட்டது. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். 6 குழந்தைகள் இறந்ததாக அரசே அறிவித்தது. அதே தந்திரம், அதே சோதனை ஓட்டை, அதே சிறுநீரகம். பூனைத் தட்டில் ஏமாற்றத் துணிந்த வணிகம் தொட்டிலை விட்டுவைக்கவில்லை. பூனை கேள்வி கேட்காது என்று சிரிப்பவர்களே, தொட்டிலில் கிடந்த குழந்தையும் கேள்வி கேட்கவில்லை.

சந்தையைக் கேள்வி கேட்பது ஸுன்னத்

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவர்களின் கண்டிப்பு. நனைந்த தானியத்தை விற்காதே என்று சொல்லவில்லை, மறைக்காதே என்றார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்ற சீட்டின் நியாயம் முழுவதும் அந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது.

அந்த வழியில்தான் நம் முன்னோர் ஹிஸ்பா என்னும் சந்தைக் கண்காணிப்பை வளர்த்தனர். 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா கையேடு, மாவு விற்பவர், இறைச்சி விற்பவர், மருந்து விற்பவர் என ஒவ்வொரு தொழிலிலும் நடக்கும் ஏமாற்றுகளை எடுத்துக் காட்டுகிறது. இன்று முஹ்தஸிப் இல்லை. அந்தக் கடமையில் நம்மால் இயன்ற பங்கு நம் ஒவ்வொருவரிடமும் வந்திருக்கிறது.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2006) "உணவு" என்னும் சொல்லின் பொருளிலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கியிருக்கிறது. ஆகவே விழிப்பு இரு மடங்கு தேவை. ஆனால் கைகள் கட்டப்பட்டிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, தூய்மை ஆகியவற்றை அறியும் உரிமையை நமக்கு அளிக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லை; வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். பொட்டலமாகக் கட்டி விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது கட்டியவரின் பெயர், முகவரி, எடை, மாதம், விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் விதி.

சகோதரிகளே, வீட்டுக்கு வாங்குவது பெரும்பாலும் நீங்கள்தான். எழுத்தில்லாத பொட்டலத்தை மறுத்துவிடுங்கள். விலங்கின் பெயர் இல்லாத சீட்டைக் கண்டால், எந்த விலங்கு, எத்தனை விழுக்காடு என்ற இரு கேள்விகளை நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதிலுக்கு வண்ணப் படமும் புகழ்ச்சியும் வந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வேறு பொருளுக்குச் செல்லுங்கள். இயன்றவர்கள் மீனையோ கோழியையோ வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் அதுவே முழு உணவாக வேண்டுமானால் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூனைக்கு டாரின் போன்ற சத்துகள் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, மூட்டையைப் பிரித்து விற்பது உங்கள் உரிமை. மூட்டையின் சீட்டை வெட்டிக் கடையில் மாட்டுவதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாதென்றால், தெரியாது என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான், உண்மை சொன்ன வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது.

நான் குறிப்பிட்ட கடைக்காரரிடம் இதையே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. இந்த மாதம் மத்ரஸாவுக்கு அரிசி வரவில்லை. நிர்வாகத்தினர் சிலர் என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டனர். அரிசியைத் தருபவன் அல்லாஹ். பிள்ளைகள் பசித்திருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவரிடம் நான் பகை பாராட்டவில்லை; இன்றும் ஸலாம் சொல்கிறேன். ஆனால் அரிசிக்காக நான் வாய் மூடியிருந்தால், மோசடியைப் பற்றிய பாடத்தை எந்த முகத்துடன் அந்தப் பிள்ளைகளுக்கு நடத்துவேன்?

அந்தச் சிறுமிக்கு நான் தந்த பதில் இதுதான்: "இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது மகளே. தெரியாததால இத வாங்க வேண்டாம்னு உம்மாகிட்ட சொல்லு. கையக் கழுவிட்டுக் குர்ஆன எடு."